வாசலில் நிற்பவருக்கு முதலில் தண்ணீர்

வேலைக்குப் போகும் எங்கள் தமிழ்ப் பிள்ளைகளே, போன மாதம் நல்ல வெயில் நாளொன்றில் உங்களில் நான்கு பேரை ஒரு பள்ளிக்கூடக் கூரையில் கண்டேன். சூரியத் தகடு பூட்டிக்கொண்டிருந்தீர்கள். நான் கீழே ட்ராமுக்காக நின்றேன். என்னுடைய ட்ராம் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. நீங்கள் இறங்கித் தண்ணீர்ப் போத்தலைக் கையில் எடுக்கும்வரை எனக்குக் கால் நகரவில்லை. பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா ஒருவர், "மேலே நிற்பது உங்கள் மகனா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பிறகு ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றார். அது நின்ற இடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள். எண்பதுகளில் கொலோனுக்கு வந்தேன். தொழிற்சாலைகளைத் துப்புரவு செய்யும் கொம்பனியொன்றில் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அந்த வேலையைத்தான் செய்தேன். அதில் கூடிய காலம் ரைன் ஆற்றங்கரையில் இருந்த ஒரு நிலக்கரி மின்நிலையத்தில் போனது. இப்போது அதை மூடிவிட்டார்கள். உங்களில் சிலர் அதைப் பிரித்து இறக்கும் வேலைக்குப் போவதாகவும் கேள்விப்பட்டேன். மூடியது சரிதான். வெயில் வருடா வருடம் எப்படி ஏறுகிறது என்று எனக்கும் தெரிகிறது. நாங்கள் எரித்த கரிக்கும் அதில் பங்கு இருக்கிறது என்றும் தெரிகிறது. ஆனாலும் அந்த இடத்தைப் பிரிக்கிறார்கள் என்று கேட்டபோது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

அதை உங்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? வாசலைத் தாண்டினால் அந்தக் கட்டடத்தின் இரைச்சல் சப்பாத்து வழியாகக் காலுக்குள் ஏறும். கொஞ்ச நாளில் அது காதுக்குக் கேட்காது, கால் மட்டும் அறியும். ஈரக்கரி மணமும் சூடான எண்ணெய் மணமும் சேர்ந்து வரும். வெளியில் பனி கொட்டும்போது உள்ளே சட்டையைக் கழற்றிவிட்டு நிற்கலாம். எங்களோடு வேலை செய்த மன்னார் அன்ரன் தன் ஈரக் காலுறைகளைக் குழாயில் காயப் போடுவான். கரிக் கப்பல் இறக்கி முடிவதற்குள் காய்ந்துவிடும். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் காலத்தில் கடைத்தெரு முழுக்க விளக்கு எரியும்போது, "பாருங்கோ, எங்கட கறன்ற்" என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வருவான், ஏதோ தானே பிடித்து அனுப்பியது போல. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பெருமை இருந்தது. அகதி என்று பெயர் எழுதிக்கொடுத்து வந்தவர்களுக்கு இந்த ஊருக்கு வெளிச்சம் கொடுக்கிறோம் என்ற நினைப்பு சின்ன விஷயமில்லை.

எங்கள் குழுவில் ஐந்து பேர். நான்தான் பொறுப்பாளர், மற்றவர்களைவிடக் கொஞ்சம் ஜெர்மன் கதைப்பேன் என்பதற்காக. வேறு தகுதி எதுவும் இல்லை. எனக்கு எப்போதும் எதையாவது நினைத்து அந்தரம், ஓயாத பதற்றம். ஏணி சறுக்குமோ, கதவு மூடிக்கொள்ளுமோ, யாராவது உள்ளே இருக்க இயந்திரத்தைப் போட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு நாளும் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். அதனால் எனக்கு "அந்தர அண்ணை" என்றுதான் பெயர். முகத்துக்கு நேரேயே சொல்வார்கள்.

மின்நிலையத்தின் சார்பில் எங்களுக்கு வேலை தருபவர் ஒரு மைஸ்டர். மேற்பார்வை செய்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெரிய வயிறு, சின்னக் கண், கதை குறைவு. அன்ரன் கொண்டுவரும் காரமான தேங்காய்ச் சம்பலைத் தன் பாண் துண்டில் பூசித் தின்று, கண்ணீர் வழிய வழிய "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பவர். ஒரு நாள் உணவறையில் பத்திரிகையை மடித்துவிட்டு, "காற்று சூடாகிறதாம். ஒரு காலத்தில் இதையெல்லாம் மூடிவிடுவார்கள்" என்றார்.

"சூடானா நல்லதுதானே. குளிர்ச்சட்டைக் காசு மிச்சம்," என்றான் அன்ரன். எல்லாரும் சிரித்தோம். மைஸ்டரும் சிரித்தார்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு கோடையில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. வெயில் விட்டபாடில்லை. ஆற்றில் தண்ணீர் வற்றி, இருந்ததும் இளஞ்சூடாகிவிட்டது. மின்நிலையம் தன்னைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரை எடுத்து, சூடாக்கித் திரும்ப ஆற்றில் விடும். ஆறு ஏற்கெனவே சூடாக இருந்தால் மீன் செத்துவிடும், அதனால் விட முடியாது. கடைசியில் ஓர் அலகை, அதாவது ஒரு கொதிகலனையும் அதன் மின் இயந்திரத்தையும், நிறுத்தினார்கள். கரி மலைபோல் குவிந்து கிடந்தது, எரிக்க வழியில்லை. எனக்கு அது புதினமாக இருந்தது. இவ்வளவு பெரிய கொதிகலன் வெயிலுக்குப் பயந்து அணைந்து கிடந்தது.

அலகு நிற்கும்போதுதான் எங்களுக்கு வேலை கூடும். கொதிகலனிலிருந்து புகை போகிற வழியில் சாம்பல் படிகிற ஓர் இரும்பு அறை உண்டு. கூரைக்குக் கிட்ட, உயரத்தில் இருக்கும். ஆள் தவழ்ந்து போகக்கூடிய ஒரு வட்ட வாசல்தான் அதற்கு. உள்ளே நான்கு பேர் போய்ச் சாம்பலை உறிஞ்சு குழாயால் எடுக்க வேண்டும். ஐந்தாவது ஆள் வாசலில் நிற்பார். அவர் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை சாவியால் இரும்பில் தட்டுவார், உள்ளே இருப்பவர்கள் திருப்பித் தட்ட வேண்டும். திருப்பித் தட்டு வராவிட்டால் உடனே ஆள் கூப்பிட வேண்டும். ஐந்து பேர் இல்லாவிட்டால் வேலை தொடங்கக்கூடாது. அதுதான் சட்டம்.

அந்தக் கோடையில் ஒரு மத்தியானம் மேற்கொண்டு ஓர் அவசரம் வந்தது. ஆற்றின் மேல் பக்கத்தில் மழை பெய்திருக்கிறது, தண்ணீர் குளிர்ந்து வருகிறது, அன்று மாலை அலகைத் திரும்பப் போட வேண்டும் என்று மைஸ்டருக்கு மேலிடத்து உத்தரவு. ஆனால் சாம்பல் அறை இன்னும் சரியாக ஆறவில்லை. வெளியில் வெயில், உள்ளே மிச்சச் சூடு.

"மேலே கடுமையாக இருக்கிறது. உங்களால் முடியுமா?" என்று மைஸ்டர் கேட்டார்.

"கைன் ப்ரோப்ளேம்," என்று நான்கு குரல் ஒன்றாக வந்தது. பிரச்சினை இல்லை என்று அர்த்தம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களிடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். முதுகு நோகிறதா, கூடுதல் நேரம் நிற்பீர்களா, ஞாயிறு வருவீர்களா, எல்லாவற்றுக்கும் கைன் ப்ரோப்ளேம். சூட்டைப் பற்றி யாராவது கேட்டால் அதில் கொஞ்சம் மிதப்பும் சேரும். யாழ்ப்பாணத்து வெயிலைக் கண்டவனுக்கு இது என்ன வெயில் என்று.

ரஞ்சன் மட்டும் வாய் திறக்கவில்லை. எங்கள் ஐவரில் அவனுக்குத்தான் நிலைமை மோசம். மனைவியும் சின்ன மகளும் ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சண்டை மூண்டிருந்தது, மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. இங்கே அவனிடம் இருந்தது டுல்டுங் என்ற தற்காலிக அனுமதி மட்டும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் ஒவ்வொரு முறை அதைப் புதுப்பிக்கப் போகும்போதும் வேலைக் கடிதம் கேட்பார்கள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவனுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

நானும் அவனும் ஒரே வீட்டில் இருந்தோம். அதனால் மற்றொன்றும் எனக்குத் தெரியும். அவனுடைய ஊர்க் கந்தசாமியார் கோயில் திருவிழா முழுக்க அவன் விரதம். அன்று தேர். முதல் நாள் மாலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை.

படிக்கட்டில் ஏறும்போது மெதுவாகக் கேட்டேன். "தண்ணியாவது குடியன்."

"பின்னேரம் பூசை முடியட்டும் அண்ணை."

"முருகன் என்ன, சாம்பல் அறைக்குள்ளை போகச் சொன்னவரே?"

"ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. நான் வீட்டை போனா வேலை நிண்டுபோம். பிறகு கொம்பனி என்னை வைச்சிருக்காது."

அன்ரனுக்கு அது கேட்டுவிட்டது. "அந்தர அண்ணை, இதுக்கேன் மண்டையைப் போட்டு உடைக்கிறியள்? அவனை வாசலிலை நிப்பாட்டுங்கோ. தட்டுறது மட்டும்தானே. நாங்கள் உள்ளுக்குப் போறம்."

எல்லாருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. எனக்கும்தான். விரதக்காரனுக்கு லேசான வேலை. நான்கு பேரும் தவழ்ந்து உள்ளே போனோம்.

இந்த இடத்தை நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டும். எங்களில் ஆகப் பலவீனமாக இருந்தவனிடம் மற்ற நான்கு பேரின் உயிரையும் கொடுத்துவிட்டுப் போயிருந்தோம். உடம்புக்கு லேசான வேலை என்பதால் அது சின்ன வேலை என்று நினைத்தோம். ஒருவர் மேல் இருந்த பாசத்தில் அது கண்ணில் படவில்லை. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் இப்படித்தான் மறைத்துக் காப்பாற்றுவோம். அது நல்ல குணம்தான். ஆனால் வேலைத்தலத்தில் யாரை எங்கே மறைக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

உள்ளே முகமூடிக்குள் மூச்சு சுட்டது. வெளியிலிருந்து மூன்று தட்டு வரும், நாங்கள் மூன்று தட்டுவோம். கொஞ்ச நேரம் ஒழுங்காக இருந்தது. பிறகு மூன்று இரண்டானது. பிறகு தட்டு வந்துகொண்டே இருந்தது, நாங்கள் பதில் தட்டினாலும் நிற்காமல்.

நான் அன்ரனின் தோளைப் பிடித்து, வெளியே போகச் சொல்லிச் சைகை காட்டினேன். அவன் முகமூடியைக் கொஞ்சம் தூக்கி, "இன்னும் பாதி கிடக்குது. அவன் தட்டுறான்தானே. உங்கட அந்தரத்துக்கு அளவில்லையே," என்றான்.

ஆள் தட்டுகிறான் என்பது உண்மை. ஆனால் எங்கள் பதிலைக் கேட்காமல் தட்டுகிறான். நான் அவனோடு வாதாடவில்லை. உறிஞ்சு குழாயை நிறுத்தினேன். சத்தம் நின்றதும் மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். வாசலைக் காட்டினேன். நான் பொறுப்பாளராக இருந்த காலத்தில் காரணம் சொல்லாமல் வேலையை நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தபோது ரஞ்சன் நிலத்தில் இருந்தான். முதுகு கம்பியில் சாய்ந்திருந்தது. கை மட்டும் சாவியால் பக்கத்துத் தூணைத் தட்டிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து, தொட்டால் சுட்டது, ஒரு துளி வியர்வை இல்லை. "வடம் பிடியுங்கோ, வடம் பிடியுங்கோ," என்றான். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் அன்ரனைப் படிக்கட்டுக்குத் துரத்தினேன். "மைஸ்டரிட்டைச் சொல்லு, அம்புலன்ஸ் வரட்டும்."

அந்தச் சொல் ரஞ்சனுக்குள் எங்கேயோ போய்ப் பட்டிருக்க வேண்டும். என் சட்டையைப் பிடித்தான். "வேண்டாம் அண்ணை. எழுதிப்போடுவாங்கள். என்ர வேலை."

அவன் சொன்னது சரி. மின்நிலையத்துக்குள் அம்புலன்ஸ் வந்தால் பதிவு செய்வார்கள், கொம்பனிக்குக் கேள்வி வரும், அவனை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள். கூப்பிடாமல் அவனைக் கீழே கொண்டுபோய் நிழலில் கிடத்தினால் தப்பவும் கூடும். தப்பாமலும் விடலாம். இரண்டையும் நிறுத்துப் பார்க்க அங்கே நேரமும் இல்லை, எனக்கு அந்தப் படிப்பும் இல்லை. நான் பயந்தவன். எந்தப் பயம் பெரியது என்று மட்டும் பார்த்தேன்.

"போ," என்றேன் அன்ரனிடம். போனான்.

மற்ற இருவரும் ரஞ்சனின் சட்டையைக் கழற்றி, இருந்த தண்ணீரையெல்லாம் தலையிலும் கழுத்திலும் ஊற்றினார்கள். கொஞ்சம் தெளிந்தான். போத்தலை வாயருகே கொண்டுபோனேன். வாயை மூடிக்கொண்டான்.

"தேர் இன்னும்..."

"டேய், அங்கை இப்ப என்ன நேரம் எண்டு தெரியுமே? எங்களைவிட மூண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. தேர் எப்பவோ இருப்பிடத்துக்கு வந்திட்டுது. சனம் பாரணை முடிச்சுச் சாப்பிட்டுப் படுத்திருக்கும்."

அவன் யோசித்தான். அந்த நிலையிலும் யோசித்தான். "என்ர வயிறு இஞ்சைதானே அண்ணை இருக்குது."

அதற்குள் அன்ரன் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டான். "குடியடா. பாவத்தை என்ர பேரிலை போடு. எனக்கு ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிட்டைப் பாவசங்கீர்த்தனம் இருக்குது, ஒரேயடியாச் சொல்லிப்போடுறன்."

ரஞ்சன் சிரித்தானோ அழுதானோ தெரியாது. வாய் திறந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தான். பிறகு வெள்ளை உடுப்புக்காரர் வந்து அவனைத் தூக்குப் படுக்கையில் வைத்து இறக்கிக்கொண்டு போனார்கள்.

அவர்களோடு மேலே வந்த மைஸ்டர் அங்கேயே நின்றார். அவருடைய முகமும் சிவந்திருந்தது. இடுப்பிலிருந்த கருவியில் யாரோ அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். "இன்று மாலை அலகைக் கொடுக்க வேண்டும். வாசலுக்கு நான் ஓர் ஆள் தருகிறேன். மற்ற நான்கு பேரும் தொடரலாமா?"

"கைன் ப்ரோ..." என்று பின்னால் ஒரு குரல் தொடங்கியது.

"ஏலாது," என்றேன். தமிழில்தான் வந்தது. பிறகு ஜெர்மனில் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். "நீங்கள் வெப்ப நாட்டுக்காரர்கள் அல்லவா? இதைவிடச் சூட்டைப் பார்த்திருப்பீர்களே."

"பார்த்திருக்கிறோம். எங்கள் ஊரில் இந்த நேரத்தில் மாடுகூட வெயிலில் நிற்காது. ஆட்கள் விடியற்காலையில் தோட்டத்து வேலையை முடித்துவிட்டு, மத்தியானம் நிழலில் படுத்துவிடுவார்கள். நாங்கள் சூட்டுக்குப் பழகினோம் என்றால் அப்படித்தான் பழகினோம்."

இதை எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மைஸ்டர் தலைக்கவசத்தைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார். "விடியற்காலை என்றால் எத்தனை மணி?"

"நாலு."

"சரி. எனக்கும் கோப்பி கொண்டு வாருங்கள்."

அடுத்த நாள் நாலு மணிக்கு அவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். காலடியில் ஒரு பெட்டி தண்ணீர்ப் போத்தல். வாசல் காவலுக்கு வேறு ஆளைப் போடவில்லை, சாவியை வாங்கித் தானே நின்றார். உள்ளே போகும் முன் எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் நீட்டினார். நான் வாங்கித் திறந்து அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். "வாசலில் நிற்பவர் முதலில்." குடித்தார். வெயில் கூரைக்கு வருவதற்குள் அறை சுத்தமாகிவிட்டது. அவருடைய தட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. மூன்று, ஒரே சீராக. பிறகு எங்கள் பதிலுக்காக ஓர் அமைதி. அலகு அரை நாள் பிந்தியது. மேலிடம் தொலைபேசியில் கத்தியபோது அவர் அதைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சம்பல் பூசின பாணைத் தின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அங்கே கோடையில் உயரத்து வேலை விடியற்காலைக்கு மாறியது. ஆற்றின் மேல் பனிப்புகார் கிடக்க, நாங்கள் நான்கு பேரும் மைஸ்டரும் கோப்பியோடு மேல் தட்டில் நின்று வெளிச்சம் வருவதைப் பார்த்த காலைகள் என் வாழ்க்கையில் நல்ல காலைகள். அதை நினைத்துத்தான் மூடிய மின்நிலையத்துக்காக எனக்கு மனம் வலிக்கிறது. கரிக்காக இல்லை.

ஆனால் அந்தக் காலைகளில் ரஞ்சன் இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனபோது அவன் ஒன்றுதான் கேட்டான்.

"உண்மையாத் தேர் வந்திட்டுதோ அண்ணை?"

"எனக்கென்னண்டு தெரியும்? உன்னைக் குடிக்கப் பண்ணத்தான் சொன்னன்."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். மாத முடிவில் கொம்பனி அவனை நிறுத்தியது. நான் போய்க் கெஞ்சினேன், மைஸ்டரும் ஒரு வார்த்தை சொன்னார், நடக்கவில்லை. அவன் பீலெஃபெல்டில் சொந்தக்காரர் ஒருவரிடம் போனான். அங்கே உணவகமொன்றில் பாத்திரம் கழுவுகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் தொலைபேசியில் கூப்பிட்டால், குளிக்கிறான், வெளியே போய்விட்டான் என்றுதான் பதில் வரும். அனுமதி புதுப்பிக்கும் காலம் வரும்போதெல்லாம், இந்த முறை கொடுத்திருப்பார்களோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன். வருடங்கள் கழித்து, மனைவியும் மகளும் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அவன் சொல்லவில்லை.

கூரையில் நிற்கும் பிள்ளைகளே, உங்களுக்கு இப்போது வெயில் எச்சரிக்கை கைத்தொலைபேசியில் வருகிறது, நிழல் இடைவேளை இருக்கிறது. இருந்தும் உங்களில் ஒருவர் "பரவாயில்லை, நான் நிற்பேன்" என்று சொல்வார். அவருக்கு வீட்டில் ஏதோ இருக்கும். அதை மறைக்க நீங்களும் உதவுவீர்கள். அப்போது வேலையை நிறுத்துகிறவருக்கு நன்றி கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குக் கிடைக்கவில்லை. சரியாகச் செய்தேனா என்று பல வருடம் எனக்கே நிச்சயமில்லை. அந்த நிச்சயம் இல்லாமலும் நிறுத்த வேண்டியிருக்கும்.

சில வருடங்களுக்கு முன் பீலெஃபெல்டிலிருந்து ஒரு கலியாண அழைப்பு வந்தது. ரஞ்சனின் மகளுக்கு. போவதா விடுவதா என்று ஒரு கிழமை முழுக்கக் குழம்பிவிட்டுப் போனேன். மண்டப வாசலில் தலை நரைத்த ஒருவர் எல்லாரையும் கும்பிட்டு வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கும்பிடவில்லை. ரஞ்சன்தான். வந்து கையைப் பிடித்தான். மாப்பிள்ளையைக் கூப்பிட்டான்.

"தம்பி, இவரை நல்லாப் பாத்து வைச்சிருங்கோ. இந்த அண்ணையாலைதான் எனக்குக் கொலோனிலை வேலை போனது."

மாப்பிள்ளைக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. கையை மெல்ல எடுக்கப் பார்த்தேன். அவன் விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு சனத்துக்கு நடுவால் நடந்து, பந்திக்குக் கூட்டிப்போய், தன் மனைவிக்குப் பக்கத்தில் தனக்கென்று வைத்திருந்த கதிரையில் என்னை இருத்தினான்.